பரப்புச்செயலி வகைப்பிரிப்பில் அயனிப் பரிமாற்றம்

சலவைத்தூளிலுள்ள பரப்புச்செயலிகளை அளக்க 1947இல் எப்டன் வெளியிட்ட மெத்திலீன் நீலத் தரம்பார்த்தல் முறை விரைவானது; எனினும் அது எதிர்மின் வகையின் மொத்த அளவையே காட்டிற்று. அயனியற்ற வகை அதற்குப் புலப்படவில்லை. நேர்மின் வகையும் உடனிருப்பின் கணக்கே பிழைத்தது. அளப்பதற்கு முன் பிரிக்க வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று.

பிரிக்கும் வழி வேளாண்மையிலிருந்து வந்தது என்பது வியப்பிற்குரியது. மண் அயனிகளைப் பரிமாறுவதைத் தாம்சனும் வேயும் 1850இல் வெளியிட்டனர். 1935இல் ஆடம்சும் ஹோம்சும் அப்பண்பைச் செயற்கைப் பிசினுக்கு அளித்தனர். கலவையை இருவகைப் பிசின்களின் வழியே செலுத்தின், அயனியற்றவை தங்காது வெளியேறும்; ஏனையவை தத்தமக்குரிய பிசினில் தங்கும். இங்கு நீரைவிட ஆல்ககாலே ஏற்றது. நீரில் திரளாகக் கூடும் மூலக்கூறுகள் ஆல்ககாலில் தனித்தனியே பிசினை அடைகின்றன. வலிய காரப் பிசினில் ஒட்டிய சல்போனேட்டை மீட்பது அரிது. வலுக்குறைந்த காரப் பிசினாயின், காரக் கரைசல் அதன் மின்னேற்றத்தை அகற்றிச் சல்போனேட்டை விடுவித்துவிடும்.