குறுக்கு வலியும் பப்பாளிப் பாலும்

எங்க ஊர்ல இப்போ ரொம்பப் புழங்குற இங்கிலீஷ் வார்த்தைகள்ல ஒண்ணு 'டிஸ்க்'. போர், மோட்டார், சொசைட்டி மாதிரி அதுவும் தமிழாவே ஆயிருச்சு. "அவனுக்கு டிஸ்க் வெலகிருச்சாமா", "எல் ஃபைவ்ல பிதுங்கிருச்சாமா" என்று டீக்கடை பெஞ்சில் சர்வசாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். என் சின்ன வயதில் இந்தச் சொல்லே கிடையாது. குறுக்குப் பிடிப்பு, வாயுப் பிடிப்பு, வலி காலுக்கு இறங்கினால் 'நரம்பு இழுக்குது'. அவ்வளவுதான். வலி அதேதான். பேர் மாறினதும் வைத்தியம் மாறியது. பயமும் கூடிப்போச்சு.

நாலு எழுத்து இங்கிலீஷ் தெரியும் என்பதால் ஸ்கேன் ரிப்போர்ட்டை மஞ்சப்பையில் போட்டு என்னிடம் எடுத்து வருவார்கள். நான் டாக்டர் இல்லீங்க. ஆனால் இத்தனை பேர் வந்து "ஆபரேசன் பண்ணலாமா, வேண்டாமா?" என்று கேட்கும்போது சும்மா தலையாட்டி அனுப்ப மனசு வரவில்லை. இந்த வைத்தியம் எங்கே தொடங்கி எப்படி இங்கே வந்தது என்று கொஞ்ச காலமாகத் தேடிப் படித்தேன். நாற்காலியில் உட்கார்ந்தே குறுக்கு போன பட்டணத்து நண்பர்களுக்கும் இது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் டிஸ்க் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை அது. இளம் நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே கெட்டியான தோல், உள்ளே கொழகொழவென்று சதை. ஒரு பக்கமாக அழுத்தினால் தோல் கிழிந்து உள்ளே இருப்பது பிதுங்கும். டிஸ்க்கும் அப்படித்தான். அது 'விலகுவது' இல்லை, பிதுங்குகிறது. பக்கத்தில்தான் காலுக்குப் போகும் நரம்பு. பிதுங்கியது அதில் பட்டு அழுத்தினாலோ, நரம்பைச் சுற்றி அழற்சி ஏற்பட்டாலோ, வலி இடுப்பிலிருந்து புட்டம், தொடை, கெண்டைக்கால் என்று மின்சாரம் பாய்கிற மாதிரி இறங்கும். பெரும்பாலும் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் இது வரும். பாரம் முழுக்க அங்கேதானே இறங்குது.

இதெல்லாம் தெரியாத காலத்தில் எங்க பக்கம் என்ன செய்தார்கள்? நொச்சித் தழையை வதக்கி ஒத்தடம். எண்ணெய் போட்டுச் சுளுக்கு வழிப்பது. கால் முன்னே வந்து பிறந்தவர் குறுக்கில் மிதித்தால் பிடிப்பு விடும் என்று ஒரு நம்பிக்கை. சிரிக்காதீங்க. ஜெர்மன்காரர்கள் திடீர் குறுக்கு வலிக்கு இன்றைக்கும் வைத்திருக்கும் பேருக்கு 'சூனியக்காரி எய்தது' என்றுதான் அர்த்தம். சரக சம்ஹிதை இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலியை 'கிருத்ரசி' என்கிறது. கிருத்ரம் என்றால் கழுகு. வலிக்காரன் கழுகு மாதிரிக் காலை இழுத்து நடக்கிறானே, அதனால் அந்தப் பேர்.

கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீஸ் பேரால் வரும் நூல்களில் ஒரு முரட்டு வைத்தியம் சொல்லப்படுகிறது. கூன் விழுந்தவரை ஏணியில் கட்டி, ஏணியோடு தூக்கி உயரத்திலிருந்து தொப்பென்று கீழே விடுவது. எழுதியவருக்கே அதில் பெரிய நம்பிக்கை இல்லை, கூட்டத்தை வாய் பிளக்க வைக்கத்தான் சிலர் இதைச் செய்கிறார்கள் என்று அவரே கடிந்துகொள்கிறார். ஆளைப் பலகையில் படுக்க வைத்து இரண்டு பக்கமும் கயிறு கட்டி இழுக்கும் முறையும் அதே நூல்களில் இருக்கிறது. இப்போ பிசியோதெரபி அறையில் இடுப்புக்கு பெல்ட் கட்டி எடை தொங்கவிடுகிறார்களே, அதன் பாட்டன் இதுதான். இந்த நூற்றாண்டில் ஆராய்ச்சிகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தவர்கள், இழுவையால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை என்கிறார்கள்.

இடுப்பு மூட்டு வலி வேறு, காலுக்கு இறங்கும் நரம்பு வலி வேறு என்று பிரித்துக் காட்டியவர் டொமெனிகோ கொத்துன்யோ, இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர். ஆண்டு 1764. மல்லாக்கப் படுக்க வைத்து முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கச் சொல்வார்களே, அந்தச் சோதனைக்கு லாசேக் என்ற பிரெஞ்சுக்காரரின் பேர். அவருடைய மாணவர் ஒருவர் 1881-ல் எழுதினார். அதற்கு முந்தின வருடமே செர்பியாவில் லாசா லாசரெவிச் என்ற மருத்துவர் இதை எழுதிவிட்டார். அவர் அந்த நாட்டின் பேர்பெற்ற சிறுகதை எழுத்தாளரும்கூட.

ஆக வலி நரம்பில் என்று தெரிந்துவிட்டது. நரம்பை அழுத்துவது எது? இதற்குப் பதில் கிடைக்க இன்னும் ஐம்பது வருடம் ஆனது. 1909 வாக்கிலேயே ஜெர்மனியில் ஓப்பன்ஹைம், கிராவுசே என்ற இருவர் அறுத்து எடுத்திருக்கிறார்கள். ஆனால் எடுத்ததைக் குருத்தெலும்புக் கட்டி என்று நினைத்தார்கள். மற்ற ஊர்களிலும் அப்படியே. கையில் டிஸ்க்கையே வைத்துக்கொண்டு 'கட்டி' என்று சீட்டு எழுதி ஜாடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

1932 டிசம்பர் 19. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். பனிச்சறுக்கில் அடிபட்டு, காலில் வலி போகாத ஒரு இளைஞருக்கு வில்லியம் மிக்ஸ்டர் ஆபரேசன் செய்தார். எலும்பு மருத்துவர் ஜோசப் பார் அனுப்பி வைத்த நோயாளி. வழக்கம்போல ஒரு 'கட்டி' வந்தது. பாருக்கு மட்டும் சந்தேகம். எடுத்ததை உருப்பெருக்கியில் பார்த்தால் அது சாதாரண டிஸ்க் சதைதான். உடனே மருத்துவமனையில் பழைய ஜாடிகளைத் தோண்டினார்கள். கட்டி என்று எழுதி வைத்திருந்ததில் நிறைய டிஸ்க்! 19 நோயாளிகளின் விவரத்தோடு 1934 ஆகஸ்டில் அவர்கள் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இன்றைய டிஸ்க் ஆபரேசனின் வரலாறு தொடங்குகிறது. புதுசாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை பாருங்க, ஜாடியில் ஒட்டியிருந்த சீட்டைத்தான் மாற்றினார்கள்.

அதன்பிறகு கத்தி வேகமெடுத்தது. முதுகை நீளமாகத் திறந்தார்கள். 1977-ல் ஸ்விட்சர்லாந்தின் யாசர்கிலும் ஜெர்மனியின் காஸ்பரும் நுண்ணோக்கி வைத்துச் சின்னத் துவாரம் வழியாக டிஸ்க்கை எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்குப் பெரும்பாலும் அதுவும், அதைவிடச் சின்னதான எண்டோஸ்கோப்பும்தான்.

இடையில் வந்த ஒரு வைத்தியத்தைத்தான் ஒரு விவசாயியாக நான் மிகவும் ரசித்துப் படித்தேன். அது நம்ம பப்பாளிப் பால். கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் தோட்டங்களைப் பார்த்திருந்தால் தெரியும். காலையில் வெயில் ஏறுமுன் பச்சைக் காயில் மேலோட்டமாகக் கீறி, வடியும் பாலைப் பிடிப்பார்கள். அதற்கென்றே வேளாண் பல்கலைக்கழகம் கோ 2, கோ 5, கோ 6 என்று ரகங்கள் கொடுத்திருக்கிறது. கறி வேகவில்லை என்றால் ஒரு துண்டு பப்பாளிக்காயைப் போடுவார்களே, அந்தச் சூட்சுமம்தான். பாலில் இருக்கும் நொதிகள் புரதத்தைக் கரைக்கும். அதில் கைமோபப்பைன் என்ற நொதியை 1941-ல் தனியே பிரித்தார்கள். 1956-ல் லூயிஸ் தாமஸ் என்ற அமெரிக்க மருத்துவர் பப்பாளி நொதியை முயலுக்கு ஊசி போட்டார். விறைத்து நின்ற காது இரண்டும் நாய்க்குட்டிக் காது மாதிரித் தொங்கிப்போனது. சில நாளில் மறுபடி நிமிர்ந்தது. காதுக் குருத்தெலும்பைக் கரைத்தால் டிஸ்க்கையும் கரைக்குமே என்று லைமன் ஸ்மித் என்பவருக்குத் தோன்றியது. 1963-ல் மனிதருடைய டிஸ்க்குக்குள் முதல் ஊசி போட்டார்.

1982-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்ததும் ஊசி அமோகமாக ஓடியது. நிறையப் பேருக்கு வலி போனது, அது பொய்யில்லை. ஆனால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை, உயிரே போனவர்களும் உண்டு. ஊசி தவறான இடத்துக்குப் போய்க் கால் விளங்காமல் போனவர்களும் உண்டு. கடைசியில் 2003-ல் அமெரிக்காவில் விற்பனையே நின்றுபோனது. (பப்பாளிப் பாலை எடுத்து முதுகில் தடவிக்கொள்ளாதீர்கள் மக்களே. தோல் புண்ணாகுமே தவிர டிஸ்க் வரைக்கும் போகாது.)

இதற்கு நடுவில் சிலர் பொறுமையாக உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். நார்வேயில் ஹென்ரிக் வேபர் என்ற மருத்துவர், ஆபரேசன் தேவையா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாத 126 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி இரண்டாகப் பிரித்தார். பாதிப் பேருக்கு ஆபரேசன், மீதிப் பேருக்குக் கத்தியில்லாத வைத்தியம். 10 வருடம் தொடர்ந்து பார்த்து 1983-ல் எழுதினார். ஒரு வருடத்தில் ஆபரேசன் செய்தவர்கள் மேல். நாலு வருடத்தில் வித்தியாசம் மங்கியது. பத்து வருடத்தில் வித்தியாசமே இல்லை.

நெதர்லாந்தில் 2007-ல் வந்த ஆய்வு இன்னும் தெளிவு. கடுமையான கால் வலியோடு 6 முதல் 12 வாரம் கிடந்த 283 பேர். சீக்கிரம் ஆபரேசன் செய்யச் சொன்ன கூட்டத்தில் பாதிப் பேர் 4 வாரத்துக்குள் தேறிவிட்டார்கள். பொறுத்திருக்கச் சொன்ன கூட்டத்துக்கு அதற்கு 12 வாரம் ஆனது. அவர்களில் நூற்றுக்கு 39 பேர் தாங்க முடியாமல் பின்னால் ஆபரேசன் செய்துகொண்டார்கள். ஒரு வருடம் முடிந்து பார்த்தால் இரண்டு கூட்டத்திலும் நூற்றுக்கு 95 பேர் தேறியிருந்தார்கள்.

இது எப்படி? பிதுங்கின சதையை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக் கரைத்துவிடுகிறது. பெரிதாகப் பிதுங்கி வெளியே வந்ததுதான் நன்றாகவே கரைகிறது என்பது இன்னும் ஆச்சரியம். நொச்சித் தழை ஒத்தடம் கொடுத்தவருக்கும், மிதித்துவிட்டவருக்கும், எடை கட்டி இழுத்தவருக்கும் பேர் வாங்கிக் கொடுத்தது இந்த ஆறு வாரம், மூன்று மாதம்தான்.

ஓய்வு விஷயத்திலும் கதை மாறிவிட்டது. முன்பெல்லாம் பலகையில் வாரக்கணக்கில் படு என்பார்கள். 1999-ல் நெதர்லாந்தில் 183 பேரை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு வாரம் படுத்தே கிடந்தவர்களிலும், முடிந்த அளவு நடமாடியவர்களிலும், 12 வாரத்தில் நூற்றுக்கு 87 பேர் தேறியிருந்தார்கள். படுத்ததால் ஒரு லாபமும் இல்லை. எபிடூரல் ஊசி இன்றும் போடுகிறார்கள். சிலருக்குச் சில வாரம் வலியைக் குறைத்துக் கொடுக்கும், அந்த இடைவெளியில் நடக்கலாம், பயிற்சி செய்யலாம். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

ஸ்கேன் படம் பார்த்துப் பயப்படுபவர்களுக்கு இன்னொரு கணக்கு. 1994-ல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்ஆர்ஐ எடுத்தார்கள். நூற்றுக்கு 52 பேருக்கு ஏதோ ஒரு டிஸ்க் உப்பியிருந்தது. 27 பேருக்குப் பிதுங்கியே இருந்தது. ஆகவே ரிப்போர்ட்டில் இருப்பதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது. படமும் காலில் இருக்கும் வலியும் ஒரே நரம்பைக் காட்டுகிறதா என்று டாக்டர்தான் கையால் சோதித்துச் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் படித்தபின் "அப்போ ஆபரேசனே வேண்டாம்" என்று எல்லோருக்கும் சொல்லிவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. எங்க ஊரில் களையெடுக்கப் போகும் ஒரு அக்கா ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தபோது நெதர்லாந்துக் கணக்கைச் சொன்னேன். "மூணு மாசத்துல சரியாயிரும்னா சந்தோசம்தான் கண்ணு. ஆனா அந்த மூணு மாசம் அடுப்பு எரியோணுமல்ல?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. சம்பளத்தோடு விடுப்பு இருப்பவருக்கு 4 வாரமும் 12 வாரமும் கிட்டத்தட்ட ஒன்று. தினக்கூலிக்கு அந்த எட்டு வாரம் என்பது கடன், அடகு, பள்ளிக்கூட பீஸ். அவர் சீக்கிரமே ஆபரேசன் செய்துகொண்டார். அவர் கணக்கில் அது சரி. எனக்குத் தெரிந்த ஒரு தறி முதலாளி பொறுத்திருந்து தேறினார். அவர் கணக்கில் அதுவும் சரி. பத்து வருடம் கழித்து இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்பார்கள் என்பதுதான் வரலாறு சொல்வது. நடுவில் இருக்கும் மாதங்களை யார் தாங்குவது என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பொறுக்கவே கூடாத இடம் ஒன்று உண்டு. சிறுநீர், மலம் அடக்க முடியாமலோ வராமலோ போவது, உட்காரும் இடமும் தொடை இடுக்கும் மரத்துப்போவது, இரண்டு காலும் தளர்வது. இதில் எது வந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும், நாளைக்குப் பார்க்கலாம் என்பதே கூடாது. பாதம் தூக்க முடியாமல் செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரியவில்லை என்றாலும் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள்.

வைத்தியப் பட்டியலில் யாரும் சேர்க்காத ஒன்றையும் சொல்கிறேன். 1999-ல் ஜெர்மனியில் ஒருவருடைய டிஸ்க்குக்குள் கருவி வைத்து அழுத்தம் அளந்தார்கள். நிற்கும்போது 0.5 என்றால், குறுக்கை வளைத்து 20 கிலோ தூக்கும்போது 2.3. முழங்காலை மடக்கித் தூக்கினால் 1.7. கலிபோர்னியாவின் காய்கறித் தோட்டங்களில் மெக்சிகோ கூலிகளுக்கு முழங்கை நீளக் காம்பு போட்ட களைக்கொத்துதான் கொடுத்தார்கள். நாள் முழுக்க இரண்டாக மடிந்து வேலை. எத்தனையோ பேருக்குக் குறுக்கு போனது. வழக்குப் போட்டுப் போராடி 1975-ல் அந்தக் குட்டைக் கொத்தைத் தடை செய்ய வைத்தார்கள். நீளக் காம்பு வந்தும் வெள்ளாமை ஒன்றும் குறையவில்லை.

நம்ம பக்கம் களைக்கொத்து இன்னும் ஒரு சாண், ஒன்றரைச் சாண்தான். நெல் வயலில் நின்றபடி தள்ளும் கோனோவீடர் வந்துவிட்டது, வரிசை நடவு இருந்தால் நன்றாகவே ஓடும். மஞ்சள் காட்டுக்கு நான் நீளக் காம்பு கொத்து நாலு அடித்து வைத்திருக்கிறேன். வயசானவங்க "இதுல கை நிக்கமாட்டேங்குது" என்று முதலில் ஓரமாக வைத்தார்கள். இந்த வருசம் இரண்டு பேர் அதைக் கேட்டு வாங்கிப் போனார்கள்.