தாய்ப்பத்திரம் போன வழி

ஸ்ரீரங்கம் உத்தர வீதி வீட்டுப் பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கியது பாகப்பிரிவினைக்காகத்தான். வம்சாவளி நினைப்பு அன்று யாருக்கும் இல்லை. வக்கீல் தாய்ப்பத்திரம் கேட்டிருந்தார். மஞ்சள் துணியில் சுற்றி, நான்காக மடித்து இருந்தது. மடிப்பெல்லாம் நைந்து, மூலையில் கரையான் அரித்திருந்தது.

முதல் வரியிலேயே சிக்கல். 'பிரஜோத்பத்தி வருஷம் ஆடி மாதம்' என்பது மட்டும் தெரிந்தது. இங்கிலீஷ் தேதி கரையானோடு போய்விட்டது. அறுபது வருஷச் சுற்றில் அது 1871 ஆகவும் இருக்கலாம், 1931 ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளில் இருந்த தலைதான் தீர்த்து வைத்தது. விக்டோரியா மகாராணி இல்லை, தாடி வைத்த ஐந்தாம் ஜார்ஜ்.

கொள்ளுத்தாத்தா பெயர், அவர் தகப்பனார் பெயர், விற்றவர்கள் பெயர், அவர்கள் தகப்பனார் பெயர். நான்கெல்லையில் பக்கத்து வீட்டுக்காரர்கள். கடைசியில் சாட்சிகளும் எழுதினவரும். விற்றவர்களில் ஒரு மைனர். அவனுக்காக அவன் தாயார் வைத்த இடதுகைப் பெருவிரல் ரேகை. அந்த ரேகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதின கையோடு பத்திரம் சார்பதிவாளர் அலுவலகம் போயிருக்கிறது. அங்கே 1-ஆம் புத்தகத்தில் நகலான வால்யூம், பக்கம், நம்பர் மூன்றும் பின்பக்கத்தில் இருந்தன. அசல் தொலைந்தாலும் இந்த மூன்றை வைத்து நகல் கேட்கலாம். பிறகு தகரப்பெட்டி. நடுவில் ஒரு கல்யாணத்துக்காக அடமானம் போய் மீண்டதை யாரோ ஓரத்தில் பென்சிலில் குறித்திருந்தார்கள்.

வக்கீல் திருப்பித் தந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வெளிநாட்டில் இருக்கும் அண்ணா பிள்ளைக்கு அனுப்பினேன். அவன் ஃபேமிலிசர்ச் தளத்தில் வம்ச மரம் போட ஆரம்பித்தான். இலவசத் தளம், ஹரித்வார் பண்டாக்கள் என்கிற தீர்த்தப் புரோகிதர்களின் வம்சாவளிப் புத்தகங்களைக்கூடப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் குடும்பப்பெயர் கேட்கும் கட்டத்தில் அவன் நின்றுவிட்டான். நமக்கு ஏது குடும்பப்பெயர்? இனிஷியல்தான். அதிலும் தாத்தா பெயரே பேரனுக்கு. எங்கள் வம்சத்தில் மூன்று ரங்கசாமிகள்.

நம் வம்சத்தைப் பெயரை வைத்துத் தேடக்கூடாது, வீட்டை வைத்துத் தேட வேண்டும் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. தகப்பன் பெயர் இல்லாமல் பத்திரம் எழுத மாட்டார்கள். சமீபத்திய கைமாற்றங்களுக்குத் தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கலாம். அதில் வரும் பத்திர எண்ணைப் பிடித்துப் பின்னோக்கிப் போகலாம். அக்ரஹாரமாகவோ மானியமாகவோ நிலம் இருந்தவர்களுக்கு, 1858-இல் தொடங்கிய இனாம் கமிஷனின் பதிவேடுகள் இன்னும் பின்னால் கூட்டிப்போகும். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் விசாரிக்க வேண்டும்.

இப்போது எங்கள் படங்களெல்லாம் வருஷத்தை முன்னால் போட்ட பெயரில் இருக்கின்றன: '1931 கிரயம் உத்தர வீதி' என்று. ரங்கசாமிகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுத்தோம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அது எங்கிருந்து தெரிந்தது என்று ஒரு கட்டம்; அது காலியாக இருந்தால் பெயர் மரத்தில் ஏறாது. பத்திரத்தை லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். ஒட்டின பிளாஸ்டிக்கைப் பிரித்தால் எழுத்தும் கூடவே வரும்.

இவ்வளவு செய்தும் மரத்தில் ஆண்கள்தான் நிறைந்திருந்தார்கள். கொள்ளுப்பாட்டி பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. அது காவிரிக் கரையில், அம்மா மண்டபத்தில் கிடைத்தது. அமாவாசை தர்ப்பணத்தில் தகப்பன் வழி மூன்று தலைமுறை, தாய் வழி மூன்று தலைமுறை, ஆண்களோடு பெண்களையும் பெயர் சொல்லித்தான் எள்ளும் தண்ணீரும் விடுகிறார்கள். பெரியப்பா வருஷக்கணக்காகச் சொல்லிவந்த பெயர்களை அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன்.

உங்கள் வீட்டிலும் அந்தப் பெயர்களைச் சொல்கிறவர் ஒருவர் இருப்பார். பத்திரம் பெட்டியில் காத்திருக்கும். முதலில் அவரிடம் போய் உட்காருங்கள்.