கடுகண்ணாவையில் ஓர் எல்லை

கண்டிக்குப் போகும்போதெல்லாம் கடுகண்ணாவைக் குடைபாறையருகே வேனை நிறுத்துவோம். பக்கத்தில் பாதை அமைத்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம், 1832இல் எழுப்பப்பட்டது. பிள்ளைகள் படமெடுப்பார்கள்.

"எல்லைக்கல் எங்கே வாப்பா?" என்றாள் மகள்.

இங்கே மலையே எல்லை. அண்மையில் பலனக் கோட்டை. 1815 வரை தனித்து நின்ற கண்டி இராச்சியத்தின் வாயிற்காவல். 'பலன' என்றால் சிங்களத்தில் பார்த்தல். கரையோரத்திலிருந்து ஏறிவரும் போர்த்துக்கேயப் படைகளை இங்கிருந்தே கண்காணித்தனர்.

1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, செனரத் மன்னன் அவர்களை ஏற்று, ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்பில் குடியமர்த்தினான்.

படைக்கு மூடிய எல்லை, அகதிக்குத் திறந்தது. வகுப்பில் போர்களின் ஆண்டுகளை மனனம் செய்வித்த நான், இந்த வரவேற்பைச் சொல்லத் தவறியிருக்கிறேன். அன்று மகளுக்குச் சொன்னேன்.