தாவரப் பூஞ்சாணக்கொல்லிகள்

பயிர்களைத் தாக்கும் பூஞ்சாண நோய்களைத் தடுக்க இலை, விதை, பூண்டு முதலியவற்றிலிருந்து எடுத்துத் தெளிக்கப்படும் சாறுகளும் எண்ணெய்களும் தாவரப் பூஞ்சாணக்கொல்லிகள் எனப்படும். இவை வேலை செய்யும் விதம் ஒன்றல்ல. எண்ணெய் இலைமேல் படலமாகப் படிந்து பூஞ்சாண வித்துகளை முளைக்கவிடாது. பூண்டை நசுக்கும்போது உண்டாகும் அல்லிசின் என்னும் கந்தகச் சேர்மம் பூஞ்சாணத்தின் நொதிகளை முடக்கும்.

தமிழ்நாட்டில் நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு நெல்லின் இலையுறை அழுகல். கதிரைப் பொதிந்திருக்கும் கண்ணாடி இலையின் உறையில் நடு சாம்பலும் ஓரம் பழுப்புமாகப் புள்ளிகள் தோன்றும். உறையைப் பிரித்தால் உள்ளே வெண்பொடி படிந்திருக்கும். கதிர் முழுதாக வெளிவராமல் பொதிக்குள்ளேயே அழுகும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கு 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு, 3 சதவீத வேப்பெண்ணெய் ஆகியவற்றோடு சீமைக் கருவேலம், நெய்வேலிக் காட்டாமணக்கு இலைச்சாறுகளையும் பரிந்துரைக்கிறது. பின்னிரண்டும் உழவர்கள் தொல்லையென்று வெட்டி எறிபவை என்பது வேடிக்கை.

வேப்பங்கொட்டைச் சாற்றுக்கு 5 கிலோ பருப்பை இடித்துத் துணியில் முடிந்து, தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைப்பார்கள். காலையில் பால்போல் வரும் சாறு தெளியும்வரை பிழிந்து, வடிகட்டி, 100 லிட்டராக்கிக் காதி சோப்புக் கரைசல் சேர்ப்பார்கள். சோப்பு சேராவிட்டால் சாறு இலையில் ஒட்டாது. வேப்பெண்ணெயோ தண்ணீரில் கலக்காமல் மிதக்கும், திட்டுத்திட்டாய் விழுந்து இலையைக் கருக்கும். வெயிலில் சாற்றின் வீரியம் விரைவில் குறைவதால் மாலையில் தெளிப்பதே முறை. பழைய கொட்டை உதவாது.

இவை வருமுன் காப்பவை. நோய் வயல் முழுக்கப் பரவியபின் இவற்றை மட்டும் நம்புவது தவறு.

வேம்பின் பூஞ்சாணத்தைத் தடுக்கும் குணத்துக்கு அயல்நாட்டில் உரிமையும் கோரப்பட்டது. வேப்பெண்ணெயைப் பூஞ்சாணக்கொல்லியாகப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்க வேளாண்மைத் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. இந்தியச் சூழலியலாளர் வந்தனா சிவா உள்ளிட்டோர் மறு ஆண்டில், 1995-இல், எதிர்ப்பு மனு தந்தனர். இந்தியாவில் முன்பே வழக்கிலிருந்தது புதுக் கண்டுபிடிப்பாகாது என்பது அவர்கள் வாதம். காப்புரிமை 2000 மே மாதம் ரத்தானது; மேல்முறையீடும் 2005 மார்ச் 8 அன்று தள்ளுபடியானது.