டொன் நதி முகத்துவாரப் பிரதேசம்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத் தலைநகரான ரொறன்ரோவில், டொன் நதி ஒன்ராறியோ ஏரியுடன் சங்கமிக்கும் தாழ்நிலம் இது. துறைமுக நிலங்கள் என இன்று வழங்கும் இதன் பெரும்பகுதி, மாநகர நிர்வாகத்தில் ரொறன்ரோ–டான்ஃபோர்த் வட்டாரத்தைச் சார்ந்தது.

பனியாறுகள் விட்டுச்சென்ற ஓக் ரிட்ஜஸ் மேட்டில் உற்பத்தியாகித் தெற்கு நோக்கி ஏறத்தாழ 38 கிலோமீட்டர் ஓடிவரும் டொன் நதி கொணர்ந்த வண்டலும், ஸ்காபரோ செங்குத்துப் பாறைகளை அலைகள் அரித்து மேற்கே ஒதுக்கிய மணலும் சேர்ந்து நீண்டதொரு மணற்றிட்டையையும், அதன் உட்புறத்தே 500 ஹெக்டேருக்கு மேற்பட்ட விஸ்தீரணமுடைய ஆஷ்பிரிட்ஜ் குடாச் சதுப்பையும் உண்டாக்கின. 1858 ஆம் ஆண்டுப் புயலில் அத்திட்டை உடைபட்டதனாலேயே இன்றைய ரொறன்ரோத் தீவுகள் தரையினின்றும் பிரிந்தன.

மிசிசாகா ஆதிக்குடியினர் மீன்பிடித்தும் வேட்டையாடியும் வாழ்ந்த இந்நிலத்தை ஆங்கிலேயர் 1787, 1805 ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் கைக்கொண்டனர். 1793 இல் துணைநிலை ஆளுநர் சிம்கோ நிறுவிய யோர்க் குடியேற்றம் 1834 இல் ரொறன்ரோ நகரமாயிற்று. நகரம் வளருந்தோறும் அதன் சாக்கடை நீரும், குடெர்ஹாம்–வோர்ட்ஸ் வடிசாலையைச் சார்ந்த மாட்டுக் கொட்டில்களின் கழிவும் சதுப்பில் வந்து தேங்க, நோய்ப் பயம் மிகுந்தது. 1911 இல் ஸ்தாபிக்கப்பட்ட துறைமுக ஆணைக்குழு மறு ஆண்டே வகுத்த திட்டத்தின்படி சதுப்புத் தூர்க்கப்பட்டுக் கைத்தொழிற் பிரதேசமாயிற்று. நதியோ, கீட்டிங் கால்வாயில் செங்கோணமாகத் திரும்பி ஏரியை அடையும்படி கட்டுண்டது. வெள்ளக்காலத்தில் அத்திருப்பத்தில் நீர் தடைப்பட்டுச் சுற்றுப்புறத்தில் பரவும் அபாயம் இதன் விளைவாகும்.

1954 இல் ஹேசல் சூறாவளி ஒன்ராறியோவில் 81 உயிர்களைக் கவர்ந்த பின்னர், நதிப் பள்ளத்தாக்குகளில் குடியிருப்புகள் எழுவது தடைசெய்யப்பட்டது. ஆகவே, ஏறத்தாழ 360 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள டொன் வடிநிலத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழினும், அவர்கள் பெரும்பாலும் மேட்டு நிலங்களிலேயே செறிந்துள்ளனர். இலங்கையிலிருந்து 1980களில் வந்த தமிழர் பலர் முதலில் குடிபுகுந்த செயின்ட் ஜேம்ஸ் ரவுன் மாடிக் குடியிருப்புகளும் பள்ளத்தாக்கின் மேற்கேயுள்ள மேட்டு நிலத்தில் அமைந்தவையே. 1901 இல் 2,08,040 ஆக இருந்த நகர ஜனத்தொகை, எல்லைகள் விரிந்த பின் 2021 இல் 27,94,356 ஆகியும், முகத்துவாரம் மட்டும் கிடங்குகளும் ஆலைகளும் நிறைந்து, குடிகள் மிக அருகியே கிடந்தது.

2001 இல் தோன்றிய வாட்டர்ஃபிரன்ட் ரொறன்ரோ நிறுவனம், 2017 இல் மத்திய, மாகாண, மாநகர அரசுகள் மூன்றும் வழங்கிய 125 கோடி டொலரைக் கொண்டு, வளைந்து செல்லும் புதிய நதிவழியையும் அதன் கரைகளில் சதுப்பு நிலங்களையும் அமைத்தது. 2024 இல் அவ்வழியே நீர் பாயத் தொடங்கியதும், பழைய கால்வாய்க்கும் புதிய நதிக்கும் இடைப்பட்ட நிலம் தீவாகி, ஆதிக்குடியினர் மொழியில் ஓக்வெமின் மினிசிங் என்னும் பெயரைப் பெற்றது. 2025 இல் புதிய நதிக்கரையில் பீடாசிகே பூங்கா திறக்கப்பட்டது. வெள்ளத்துக்குத் தனி வழி அமைந்த பின்னரே இங்கு வீடுகள் கட்டுவது சாத்தியமாயிற்று. அத்தீவில் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கொண்ட குடியிருப்பு திட்டமிடப்பட்டுள்ளது.