பெயர்ப்பலகையும் தமிழெழுத்தும்: ஒரு தவற்றின் வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன் தொடக்கநிலை நான்கு மாணவர்களை லிட்டில் இந்தியாவுக்குக் கற்றல் பயணமாக அழைத்துச் சென்றிருந்தேன். சிராங்கூன் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் உள்ள பெயர்ப்பலகைகளை உரக்கப் படிக்க வேண்டும் என்பதே அன்றைய பாடம். ஒரு சிறிய உணவுக்கடையின் முன் நின்ற மாணவி, "உணவுச் சவே..." என்று படித்துவிட்டுத் திகைத்து நின்றாள். மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். "ஐயா, இது தமிழா?" என்று அவள் கேட்டாள்.

நான் சிரிக்கவில்லை. பலகையில் இருக்க வேண்டிய சொல் "உணவுச் சேவை" என்பதை நான் அறிவேன். ஏனெனில் அப்பலகையின் வாசகத்தைப் பிழை திருத்திக் கொடுத்தவனே நான்தான். கடை எங்கள் பள்ளி மாணவன் ஒருவனின் தாயாருடையது. சேமிப்பிலிருந்து எடுத்த பணத்தில், தொழில்முறை வடிவமைப்பாளர் ஒருவரை அமர்த்திச் சின்னம், பலகை, உணவுப்பட்டியல் ஆகிய மூன்றையும் அவர் செய்வித்திருந்தார். வாசகத்தைக் கைத்தொலைபேசியில் எனக்கு அனுப்பினார். நானும் பார்த்துவிட்டுச் "சரி" என்று பதில் எழுதினேன். தொலைபேசியில் அது சரியாகத்தான் இருந்தது. பலகையில்தான் உடைந்து போயிருந்தது.

இது எப்படி நேர்ந்தது என்று தேடப் புகுந்தபோது, ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட கதை கிடைத்தது. அதைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

எழுத்தறிந்த கைகள்

சிங்கப்பூரில் தமிழ் அச்சு மிகப் பழையது. 1887ஆம் ஆண்டில் மகுதூம் சாயபு அவர்கள் "சிங்கைநேசன்" வார இதழைத் தொடங்கித் தீனோதய வேந்திரசாலை என்னும் அச்சுக்கூடத்திலிருந்து வெளியிட்டார். 1935இல் "தமிழ் முரசு" தோன்றியது. கோ. சாரங்கபாணி அவர்களின் பெயரோடு அது என்றும் இணைந்திருக்கிறது. அக்காலத்து அச்சுக்கூடங்களில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்தவர், தாம் கோப்பது என்ன சொல் என்று அறிந்தவராக இருக்க வேண்டும். ஒற்றைக்கொம்பை எடுத்து வைத்த பின்னரே ககரத்தை எடுப்பார். அவர் கையே ஒரு வாசகராக இருந்தது.

சிறு வணிகர்களுக்கும் அப்படித்தான். கடைக்குப் பலகை வேண்டுமென்றால் தூரிகை பிடித்த ஓவியரை அழைத்தார்கள். அவர் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்து, இடம் அளந்து, எழுத்தை வரைவார். வடிவமைப்பாளர், எழுத்தோவியர், பிழைதிருத்துநர் ஆகிய மூவரும் ஒருவரே. அவரும் பிழை செய்வார். ஒற்று மிகும், மிகாது என்பதில் தடுமாறுவார். ஆனால் சகரத்துக்குப் பின்னால் கொம்பைப் போடமாட்டார். பழைய பலகைகளிலும் நூல்களிலும் துதிக்கை போன்ற வளைவுடன் "லை", "னை" முதலிய எழுத்துகளைக் காணலாம். தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபின் அவ்வடிவங்கள் மெல்ல மறைந்தன.

வணிகருக்குக் கலைஞர் கிடைத்த இன்னொரு வழி நாட்காட்டி. 1920களில் ஐய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுச் சிவகாசிக்குத் திரும்பினர். தீப்பெட்டிக்குச் சிட்டைகள் தேவைப்பட்டன. அதனால் அச்சுத்தொழில் வளர்ந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு அவர்களும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் நாட்காட்டிகளாயின. படம் பொதுவானது, அடியில் விடப்பட்ட வெற்றிடத்தில் கடையின் பெயர் அச்சேறும். தனியாக ஓர் ஓவியரை அமர்த்த இயலாத மளிகைக்கடைக்காரரும் இவ்வாறு ஒரு பெருங்கலைஞரின் உழைப்பில் பங்கு பெற்றார். கடல்கடந்து வாழ்ந்த தமிழர் வீட்டுச் சுவர்களிலும் அந்நாட்காட்டிகள் தொங்கின.

கண் வேறு, நா வேறு

மேலைநாட்டிலும் தொடக்கம் இதுவேதான். புகழ்பெற்ற ஓவியர் ஹோகார்த் 1720இல் தம் சொந்தத் தொழிலுக்கென ஓர் அறிமுக அட்டையைச் செதுக்கி அச்சிட்டார். "கிராபிக் டிசைன்" என்னும் தொடரை 1922இல் ஒரு கட்டுரையில் கையாண்டு பரப்பியவர் அமெரிக்கரான டுவிக்கின்ஸ் என்பர். அதன்பின் வடிவமைப்பு தனித்துறையானது, கல்லூரிகளில் பாடமானது. வண்ணம், இடைவெளி, ஒத்திசைவு ஆகியவற்றில் தேர்ச்சி பெற்றவர்கள் உருவானார்கள். இது நன்மையே. ஆனால் நான்கு மொழிகள் ஆட்சிமொழிகளாக உள்ள நம் நாட்டில், தமிழ்ப் பலகையை வடிவமைப்பவர் தமிழ் அறிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமற் போயிற்று. பார்க்கும் கண் ஒருவரிடம். படிக்கும் நா மற்றொருவரிடம்.

இவ்விடத்தில்தான் கணினி வந்து சேர்ந்தது. தமிழைக் கணினியில் ஏற்றியதில் இவ்வட்டாரத்தின் பங்கு பெரிது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களிலேயே "முரசு" மென்பொருளை உருவாக்கினார். நம் நாட்டு எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி "கணியன்" முறையை உருவாக்கினார். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளின் நான்மொழி இணையப்பக்கத்தில் தமிழ் இடம்பெற அவருடைய உழைப்பே காரணம். 1997இல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் நடந்தது. 1999இல் அவர் மறைந்தது நமக்குப் பேரிழப்பு.

அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீட்டு முறை. ஒன்றில் தட்டியதை இன்னொன்றில் திறந்தால் புரியாத குறிகள் தோன்றும். யூனிகோடு அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. ஆனால் புதிய நுட்பம் ஒன்றை அது மென்பொருளிடம் ஒப்படைத்தது. யூனிகோட்டில் "சே" என்பது முதலில் சகரம், பின்னர் ஏகாரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. நாம் ஒலிக்கும் வரிசை அது. திரையில் காட்டும்போது இரட்டைக்கொம்பை முன்னால் நகர்த்துவது மென்பொருளின் கடமை. தொலைபேசி அதைச் செய்கிறது. வடிவமைப்பு மென்பொருள்கள் பல நெடுங்காலம் செய்யவில்லை. அடோபி நிறுவனத்தின் இன்டிசைன் மென்பொருளில் 2012ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இந்திய எழுத்துகளுக்கான வசதி சேர்ந்தது. அவ்வசதி இருந்தாலும், அமைப்பில் அதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் பயனில்லை.

இப்போது அந்தப் பலகைக்கு வருவோம். "சேவை" என்ற சொல்லில் சகரம் முன்னே நின்றுவிட்டது. அதன் இரட்டைக்கொம்பு பின்னால் வந்து வகரத்தோடு ஒட்டிக்கொண்டது. ஐகாரக் குறி ஆதரவின்றி இறுதியில் தொங்கியது. "சவே" என்று மாணவி படித்தது பிழையன்று. இருந்ததைத்தான் படித்தாள்.

பெரிய இடங்களும் இதற்கு விலக்கல்ல. 2014இல் லாவ் பா சாட் உணவு நிலையத்தைக் குறிக்கும் பலகையில், "சாட்" என்பதைச் சனிக்கிழமை எனக் கொண்டு தமிழ்ப்படுத்தியிருந்தது செய்தியாயிற்று. 2017இல் தேசிய தின அணிவகுப்புக்கான விளம்பரத்தாளில் தமிழ் எழுத்துகள் சிதைந்திருந்தமைக்கு ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டனர். முன்னது மொழிபெயர்ப்புப் பிழை, பின்னது அச்சுப் பிழை. அச்சேறுமுன் தமிழறிந்த ஒருவர் இறுதிப்படியைப் படித்திருந்தால் இரண்டுமே நின்றிருக்கும்.

கடை வைத்திருக்கும் பெற்றோர்களுக்கு

வடிவமைப்பாளரை அமர்த்துவது வீண்செலவு என்று நான் கூறவில்லை. நல்ல வடிவமைப்பாளர் கடைக்கு முகம் தருகிறார். ஆனால் அமர்த்துமுன் அவர் முன்பு செய்த தமிழ்ப் பணி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். தமிழ் வாசகத்தின் படத்தையும் சேர்த்துக் கொடுங்கள். எழுத்து எப்படித் தோன்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். எத்தனை முறை திருத்தம் செய்து தருவார் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுத்துகளை வரைகோடுகளாக மாற்றிய இறுதிக் கோப்பையே அச்சகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதன்பின் எழுத்து இடம் மாறாது. அந்த இறுதிப்படியைத் தமிழறிந்த ஒருவர் உரக்கப் படித்த பிறகே ஒப்புதல் கொடுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். வாசகத்தைத் திருத்துவதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை. "இறுதிப்படியையும் எனக்குக் காட்டுங்கள்" என்ற ஒரு வரியை நான் அன்று எழுதியிருந்தால் போதும்.

அன்று மாலையே அந்தத் தாயாரிடம் சென்று செய்தியைச் சொன்னேன். புதிய பலகைக்கான செலவில் பாதியை நான் தருவதாகக் கூறினேன். அவர் மறுத்துவிட்டார். "பணம் வேண்டாம் ஐயா. அடுத்த முறை பலகையை மாட்டுவதற்கு முன்னால் வந்து படித்துவிடுங்கள்" என்றார். மூன்று மாதம் கழித்துத்தான் அவரால் புதிய பலகை செய்ய முடிந்தது. அதுவரை உடைந்த எழுத்துகளின்மீது வெள்ளைத்தாள் ஒட்டி, கையால் "சேவை" என்று எழுதி வைத்திருந்தார்.

புதிய பலகையின் இறுதிப்படி வந்தபோது நான் அந்த மாணவியையே அழைத்துப் படிக்கச் சொன்னேன். அவள் ஒரு முறை மனத்துக்குள் படித்தாள். பிறகு உரக்கப் படித்தாள். அதன்பின்தான் ஒப்புதல் அனுப்பினோம்.

அன்புடன், உங்கள் தமிழாசிரியன்.