புல் மலையில் மரம் வைத்த கதை

மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் மலை ரயில் 46 கிலோமீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. அடிவாரத்தில் முட்காடு. அதைத் தாண்டினால் கோடையில் இலை உதிர்க்கும் காடு. பர்லியார் பக்கத்து ஈர மடிப்புகளில் பசுமை மாறாக் காடு. பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே போகப் போக மழைக்காடு, இலையுதிர் காடு, ஊசியிலைக் காடு என்று பட்டை பட்டையாக மாறும் உலகத்தின் காட்டு வரைபடம், ஒரு மலையில் அடுக்கடுக்காக ஏறி நிற்கிறது. எந்த இடத்தில் எந்தக் காடு என்பதை வெப்பமும் மழையும் மண்ணும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

ஊட்டியை எட்டும்போது மட்டும் இந்தக் கணக்கு பிசகுகிறது. அங்கே வானுயர நிற்பவை பெரும்பாலும் ஆஸ்திரேலிய மரங்கள். 200 ஆண்டுகளுக்கு முன்பு அந்தச் சரிவுகளில் இருந்தது புல்.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறியபோது அலை அலையாகப் புரண்ட புல் மேடுகள்தான் அவரை வரவேற்றன. மேடும் மேடும் சந்திக்கிற மடிப்புகளில், நீர் கசியும் இடங்களில் மட்டும் கறுத்து அடர்ந்த மரக்கூட்டங்கள். அவைதாம் சோலைகள். சோலை மரம் நெட்டையாக வளராது. குட்டையாக, முறுக்கிக்கொண்டு, தண்டெல்லாம் பாசியும் ஆர்க்கிட்டும் போர்த்தி நிற்கும். சோலையின் எல்லை கத்தியால் வெட்டியது போலச் சட்டென்று முடியும். அடுத்த அடி புல். புல்லுக்குள் துணிந்து நிற்கிற மரம் அநேகமாக ஒன்றுதான். இமயமலையிலும் உறவுள்ள, சிவப்புப் பூப் பூக்கும் ரோடோடென்ட்ரான்.

அந்தப் புல்வெளி யாருமற்ற இடமாகவும் இருக்கவில்லை. மலையின் பழங்குடிகளான தோடர்களின் எருமைகள் அங்கே மேய்ந்தன. மந்து எனப்படும் அவர்களுடைய குடியிருப்புகளில் உள்ள கோயில்களின் கூரைக்குச் சதுப்பில் வளரும் ஒரு குறிப்பிட்ட புல் வேண்டும். நீலகிரிக்கே உரிய அந்தப் புல்லுக்கு வைக்கோலோ வேறு புல்லோ ஈடாகாது.

ஆங்கிலேயரின் ஊரும் படைமுகாமும் வளர்ந்ததும் விறகுக்குத் தட்டுப்பாடு வந்தது. பக்கத்துச் சோலைகள் முதலில் அடுப்புக்குப் போயின. சோலை மெதுவாக வளர்வது. வெட்டியது மீள ஒரு தலைமுறை போதாது. ஆகவே வேகமாக வளரும் மரம் தேடினார்கள். 1830-களிலிருந்து ஆஸ்திரேலியாவின் வாட்டில் மரங்களும் 1843-ல் யூகலிப்டஸும் வந்து சேர்ந்தன. மலைவாசிகள் முன்னதைச் சீகை என்றும் பின்னதைக் கற்பூர மரம் என்றும் அழைக்கிறார்கள். நட்ட இடம் புல்வெளி. மரம் இல்லாத நிலம் அதிகாரிகளின் கண்ணுக்குச் சும்மா கிடக்கும் நிலமாகவே பட்டது. எருமை மேய்வதை அவர்கள் பயன்பாடாகக் கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் இதில் பெரிய அநியாயம்.

அறிவியலிலும் இந்தப் பார்வை நெடுநாள் நீடித்தது. 1938-ல் ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழில் ஒரு விவாதம் நடந்தது. சென்னை மாகாண வன அதிகாரி சி.ஆர். ரங்கநாதன், நீலகிரிப் புல்வெளி இயற்கையாகவே நிலைபெற்றது, அதற்குக் காரணம் உறைபனி என்றார். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தின் தாவரவியலாளர் என்.எல். போர் இதை ஏற்கவில்லை. மனிதன் வைத்த தீயும் மேய்ச்சலும் காட்டை அழித்ததால் வந்த புல் என்பது அவர் கட்சி. பின்னால், இந்தியக் காடுகளை 16 பெரும் வகைகளாகப் பிரித்த சாம்பியன், சேத் இருவரின் 1968-ம் ஆண்டு நூலும் இந்தப் புல்வெளியைச் சோலையின் சீரழிந்த நிலையாகவே வைத்தது.

ரங்கநாதன் சொன்னதை மார்கழி, தை மாத ஊட்டியில் விடியற்காலை யாரும் பார்க்கலாம். மேகமற்ற இரவில் திறந்த வெளியின் வெப்பம் முழுக்க வெளியேறி, புல் நுனியெல்லாம் வெள்ளை பூத்திருக்கும். அங்கே முளைத்த சோலைக் கன்று கருகிவிடும். பத்தடி தள்ளி, சோலையின் கிளைக் கூரைக்குக் கீழே அதே கன்று தப்பிக்கும்.

முடிவான சாட்சி சதுப்புக்குள் இருந்தது. நீலகிரியின் கரிச்சதுப்பை அடுக்கடுக்காகத் தோண்டி, அதிலிருந்த கார்பனின் வகையை ஆராய்ந்த ரா. சுகுமார் குழுவினரின் கட்டுரை 1993-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. வறண்ட காலத்துப் புற்கள் விட்டுச்செல்லும் கார்பனும் மரங்கள் விட்டுச்செல்வதும் வேறு வேறு. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளின் பதிவில், மழை குறைந்தபோது புல் விரிந்தது, பெருகியபோது பின்வாங்கியது. பனியூழிக் காலத்தில் அந்த மலையில் புல்லே ஓங்கியிருந்தது. கோடரியோ தீக்கொள்ளியோ உண்டாக்கிய புல்வெளி என்ற வாதம் இதோடு வலுவிழந்தது.

அதற்குள் சேதம் நடந்து முடிந்திருந்தது. விடுதலைக்குப் பிறகும் தோல் பதனிடச் சீகைப் பட்டைக்கும், ரேயான் ஆலைக்கு மரக்கூழுக்கும் தோட்டங்கள் பெருகின. ஊட்டியில் மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அடுத்தடுத்த சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டு அளந்தார்கள். யூகலிப்டஸ் வைத்த நிலத்திலிருந்து ஓடிவரும் நீர் முதல் பத்தாண்டுகளில் சுமார் 16 சதவீதம் குறைந்தது. பவானியின் தலைமாட்டில் நடந்த இழப்பு இது. பழனி மலையில் நாற்பதாண்டுகளில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. புல்லை நம்பிய வரையாடு, நீலகிரியின் முகுருத்தி போன்ற மிச்சப் புல்வெளித் துண்டுகளில் ஒதுங்கியது.

இது நீலகிரியின் தனிக் கதையும் அன்று. இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியில் பத்தனை எனப்படும் புல்வெளியும் மலைக்காடும் இப்படியே பின்னிக் கிடக்கின்றன. தெற்குப் பிரேசிலின் மேட்டுநிலத்தில் அரோக்காரியா காடு பரவுவதற்கு முன்பே புல் இருந்ததை அங்குள்ள மகரந்தப் பதிவுகள் சொல்கின்றன. ஆனாலும் 2019-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஒரு கணக்கு, உலகில் இன்னும் 90 கோடி ஹெக்டேரில் மரம் வளர இடமுண்டு என்றது. பழைய புல்வெளிகளையும் அதில் சேர்த்துவிட்டார்கள் என்று பல நாட்டுச் சூழலியலாளர்கள் உடனே மறுப்பு எழுதினார்கள்.

இன்று நீலகிரியில் சீகையை அகற்றும் வேலை நடக்கிறது. வெட்டினால் மட்டும் புல் வந்துவிடாது. சீகை விதை பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். வெட்டிய இடத்தில் வெளிச்சம் பட்டதும் மறுபடி முளைக்கும். புல் நாற்றுகளைத் தனியே வளர்த்து நட்டு, வருடக்கணக்கில் களை பிடுங்க வேண்டும். முதிர்ந்த சில சீகைத் தோப்புகளின் நிழலிலோ சோலைக் கன்றுகள் தாமாக முளைக்கின்றன, உறைபனி அங்கே இறங்காததால். அவற்றை விட்டுவிட்டு, எஞ்சிய புல்லுக்குள் புதிதாக நுழையும் இளஞ்சீகையை முதலில் பிடுங்குவதே சரி.

மழைக்காலம் வந்தால் மரக்கன்றுகளோடு மலையேறும் நல்ல உள்ளங்களுக்கு ஒரு வேண்டுகோள். கன்றுகளை ஊர்ச் சாலையோரத்துக்கும் பள்ளி வளாகத்துக்கும் கொடுங்கள். மலையுச்சிப் புல்லில் மட்டும் குழி தோண்டாதீர்கள்.